கிரேக்கத் துறைமுகங்களும் ஐந்து வயதுக் கால்களும்

சுற்றுலாக் கப்பல் அட்டவணையில் "ஒலிம்பியா, காலை 8 முதல் மாலை 4 வரை" என்று போட்டிருந்தால் எட்டு மணி நேரம் கையில் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். கப்பலைக் கட்டி, அதிகாரிகள் அனுமதி கொடுத்து, ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் நகர்ந்து கரையில் கால் வைப்பதற்குள் முக்கால் மணி போய்விடும். புறப்படும் நேரத்துக்கு அரை மணி முன்பே எல்லாரும் திரும்பிவிட வேண்டும். சில கப்பல்களில் ஒரு மணி முன்பே. போதாக்குறைக்கு, அட்டவணையில் இருக்கும் பெயர் பெரும்பாலும் துறைமுகத்தின் பெயரே கிடையாது. பழைய ஒலிம்பிக் போட்டிகள் நடந்த ஒலிம்பியா என்றால் கப்பல் நிற்பது கட்டகோலோ என்ற சின்ன ஊரில். அங்கிருந்து பேருந்தில் முக்கால் மணி. ஏதென்ஸ் என்றால் பிரேயஸ். கணக்குப் போட்டால் நாம் பார்க்கப் போன இடத்தில் ஐந்து மணி நேரம் இருந்தாலே பெரிய விஷயம். கழிப்பறை, தாகம், ஐஸ்கிரீம், "கால் வலிக்குதும்மா" எல்லாம் அந்த ஐந்துக்குள்தான் அடங்க வேண்டும்.

எங்கள் கூட்டத்தில் மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஐந்து. மாமியாரும் உடன் வந்தார். அவருக்கு முழங்கால் சரியில்லை. அதனால் வழியைத் தேர்ந்தெடுக்கும்போது எந்த ஊர் புகழ்பெற்றது என்று நான் பார்க்கவில்லை. கப்பல் படியிலிருந்து பார்க்கும் இடத்துக்கு எவ்வளவு தூரம், நிழல் உண்டா, மகன் ஓட இடம் உண்டா, இவைதான் என் கேள்விகள். கடைசியில் இத்தாலியின் ட்ரியெஸ்ட் நகரிலிருந்து கிளம்பி கட்டகோலோ, சாண்டோரினி, பிரேயஸ், கோர்ஃபு போய், மாண்டினீக்ரோவின் கோட்டோரைத் தொட்டுத் திரும்பும் வழியை எடுத்தோம். மிக்கோனோஸ் தீவு இருந்த இன்னொரு வழியைத் தள்ளிவிட்டேன். ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் மெல்டெமி என்ற வடகாற்று பலமாக வீசும். அப்போது படகில் கரை சேர்க்க வேண்டிய நிறுத்தங்களைக் கப்பல்கள் ரத்து செய்வது உண்டு. வராமலே போகக்கூடிய ஊருக்காகப் பிள்ளைகளுக்கு ஆசை காட்டுவானேன்?

இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் பகுதியில் மாண்டினீக்ரோ இல்லை. துருக்கியின் குஷாதாசியும் அப்படித்தான். கிரேக்கத் தீவுகளுக்குப் போகும் கப்பல்கள் பல அங்கே நிற்கின்றன. ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாலும் ஷெங்கனை விட்டுப் போய் மறுபடி நுழைந்ததாகத்தான் கணக்கு. ஒருமுறை மட்டும் நுழையும் விசா போதாது, பலமுறை நுழையும் விசா கேட்டு விண்ணப்பியுங்கள். இன்னொன்று கடிகாரம். கிரேக்கம் இத்தாலியைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிறது. கைப்பேசி தானாக மாறிவிடும், கப்பல் மாறினாலும் மாறும், மாறாமலும் இருக்கும். மகள் கையில் சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டி, கப்பல் நேரத்தை வைத்து, "நீதான் நேரக் காப்பாளர்" என்று சொல்லிவிட்டேன். எங்களை விரட்டும் அதிகாரம் கிடைத்ததில் அவளுக்கு ஏக மகிழ்ச்சி.

கட்டகோலோ ஒரே ஒரு கடைத்தெருவும் கடலோரச் சாப்பாட்டுக் கடைகளும் உள்ள ஊர். ஐந்து நிமிடத்தில் நடந்து முடித்துவிடலாம். ஆனால் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு முழு வழியிலும் சிறந்த நிறுத்தம் இதுதான் என்பேன், ஒலிம்பியா இருப்பதால். இதற்கு மட்டும் கப்பலே நடத்தும் சுற்றுலாவை வாங்கினோம். தூரம் அதிகமாக இருக்கும் இடத்துக்கு அதுதான் நிம்மதி. அவர்கள் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமே டாக்ஸி பிடித்துப் போய்த் தாமதமானால் காத்திருக்காது.

இடிந்த கோயில்களைப் பிள்ளைகள் எவ்வளவு நேரம் பார்ப்பார்கள் என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. ஒலிம்பியாவில் முதலில் ஸ்டேடியத்துக்குப் போங்கள், மற்றதெல்லாம் அப்புறம். வளைவான கல் வாசல் ஒன்றைத் தாண்டினால் திடீரென்று நீள மைதானம் விரிகிறது. ஓட்டத் தடம் ஏறக்குறைய 192 மீட்டர். வீரர்கள் கால்விரலைப் பதித்து நின்ற கல் வரிசை இன்னும் தரையில் இருக்கிறது. இருக்கைகள் கிடையாது, இருபுறமும் புல்மேடுதான். சுமார் 45,000 பேர் அமர்ந்து பார்த்திருக்கிறார்கள். கல்லில் கால் வைத்து ஓடுவதை யாரும் தடுப்பதில்லை. மகன் ஓடினான், எந்த நாட்டுக் குழந்தைகளோ நாலைந்து பேர் கூட ஓடினார்கள், பிறகு அவர்களுடைய அப்பாக்களும் ஓடினார்கள். கி.மு. 776-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் போட்டியைப் பற்றி நான் தயார் செய்து வைத்திருந்த கதையைக் கேட்க ஒருவரும் இல்லை.

மகளுக்குப் பிடித்தது வேறு. ஸ்டேடியத்துக்குப் போகும் வழியில் வரிசையாகக் கல் பீடங்கள் இருக்கின்றன, மேலே சிலை எதுவும் இல்லை. ஒரு காலத்தில் அங்கே கிரேக்கக் கடவுள் சீயஸின் வெண்கலச் சிலைகள் நின்றன. போட்டியில் ஏமாற்றியவர்களிடம் வசூலித்த அபராதப் பணத்தில் செய்தவை அவை. கி.மு. 388-இல் ஒரு குத்துச்சண்டை வீரன் எதிராளிகளுக்கு லஞ்சம் கொடுத்து ஜெயித்தான். அதிலிருந்துதான் இந்த வழக்கம் தொடங்கியது. உள்ளே போகிற ஒவ்வொரு வீரனும் ஏமாற்றினால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்பதற்காக வாசலுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். "பேரையும் எழுதி வெச்சாங்களாம்மா?" என்று கேட்டாள். எழுதி வைத்தார்கள். அதில் அவளுக்கு அப்படி ஒரு திருப்தி.

ஒலிம்பிக் தீபம் ஏற்றுவது ஹேரா தேவியின் கோயில் முன்னால், குழிவான கண்ணாடியில் சூரிய ஒளியைக் குவித்து. மிகப் பழைய சடங்கு என்று நானும் நினைத்திருந்தேன். தீபத்தை இங்கே ஏற்றி ஓட்டமாக எடுத்துச் செல்லும் வழக்கம் 1936-இல்தான் ஆரம்பித்திருக்கிறது. வெயில் ஏறியதும் அருங்காட்சியகத்துக்குள் புகுந்துவிட்டோம். அங்கே குளிர்சாதனம் இருக்கிறது. மாமியாருக்கு அங்கிருந்த சிற்பங்களைவிட அதுதான் பெரிதாகப் பட்டது.

சாண்டோரினியைப் பற்றி நான் சொல்வது பலருக்குப் பிடிக்காமல் போகலாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் முழங்கால் வலிக்காரருக்கும் அது ஏற்ற ஊர் இல்லை. பெரிய கப்பல் கரையை ஒட்ட முடியாது. எரிமலை வெடித்து உள்வாங்கிய பள்ளத்தில் கடல் புகுந்த இடம் அது, ஆழம் அவ்வளவு. டெண்டர் என்ற சிறு படகில் பழைய துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள். ஃபீரா ஊர் தலைக்கு மேலே செங்குத்தான பாறை உச்சியில் இருக்கிறது. ஏற மூன்று வழி: 588 படிகள், அதே படிகளில் கழுதை, இல்லையென்றால் கேபிள் கார். படிகளில் கழுதைச் சாணமும் வழுக்கலும். பாரம் சுமக்கும் அந்தப் பிராணிகளைப் பார்த்தபின் பிள்ளைகளை அதில் ஏற்ற மனம் வராது. மீதி கேபிள் கார். ஏறினால் சில நிமிடங்கள்தான், ஆனால் நாலைந்து கப்பல்கள் ஒரே நாளில் நின்றால் வரிசை வெயிலில் நீண்டுகொண்டே போகும். மாலையில் இறங்கும் வரிசை அதைவிட மோசம், எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்புவார்கள். 2025 முதல் கப்பல் பயணிகள் ஒரு நாளுக்கு 8,000 பேர் என்று கட்டுப்பாடு கொண்டுவந்திருக்கிறார்கள். அந்தச் சின்ன ஊருக்கு அதுவும் கூட்டம்தான். அதே ஆண்டு ஜூலையிலிருந்து ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களுக்குத் தலைக்கு 20 யூரோ வரியும் உண்டு, மிக்கோனோஸுக்கும் அப்படியே. பட்ஜெட் போடும்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பிரிந்துகொண்டோம். கணவரும் மகளும் முதல் டெண்டரில் போய், ஃபீராவைச் சுற்றிவிட்டு மதியக் கூட்டம் கிளம்பும் முன் இறங்கிவிட்டார்கள். நான், மகன், மாமியார் மூவரும் கப்பலிலேயே. கப்பலில் இருப்பவர்களில் பாதிப் பேர் கரைக்குப் போன நாளில் நீச்சல்குளம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும்! சறுக்குக்கு வரிசையே இல்லை. மகன் ஏறினான், சறுக்கினான், மறுபடி ஏறினான். சுற்றிலும் எரிமலைச் சுவர், உச்சியில் சுண்ணாம்பு பூசிய வீடுகள். இந்தக் காட்சி மேலே போனவர்களுக்குக் கிடைக்காது, அவர்கள் அதன் மேல் நின்றுகொண்டிருப்பார்கள். குடும்பமாக வந்தால் எல்லா இடத்துக்கும் எல்லாரும் சேர்ந்தேதான் போக வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டால் பாதிச் சண்டை குறையும்.

ஏதென்ஸுக்குக் கப்பல் சுற்றுலா தேவையில்லை. பிரேயஸ் துறைமுகம் பெரியது; கப்பல் நிற்கும் முனையத்திலிருந்து மெட்ரோ நிலையம் வரை பிள்ளைகளை நடத்திக் கூட்டிப் போகாதீர்கள், டாக்ஸியோ பேருந்தோ பிடியுங்கள். 2022-இல் நீட்டித்த நீல மெட்ரோ பாதை நேராக நகர மையத்துக்குப் போகிறது. பழங்கோயில்கள் நிற்கும் குன்றான அக்ரோபோலிஸுக்குச் சீட்டை முன்கூட்டியே, குறிப்பிட்ட நேரத்துக்கு வாங்கிவிட வேண்டும். ஒரு நாளுக்கு 20,000 பேர்தான் என்று 2023-இலிருந்து வரம்பு வைத்திருக்கிறார்கள். கப்பல் தாமதித்தால் என்ன செய்வது என்று பயந்து மதிய நேரத்தை எடுக்காதீர்கள். கடும் வெயில் அலை வந்தால் நடுப்பகலில் குன்றையே மூடிவிடுகிறார்கள், 2023-இலும் 2024-இலும் அப்படி நடந்தது. கப்பல் வந்து இரண்டு மணி நேரம் கழித்து வரும் நேரமே சரி. குழந்தைகளின் தள்ளுவண்டியை மேலே கொண்டுபோக விடமாட்டார்கள். பளிங்குத் தரை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மிதிபட்டு வழுவழுவென்று இருக்கிறது. செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள காலணி போடுங்கள்.

தெற்குச் சரிவு வாசல் வழியாக ஏறினோம். பிரதான வாசலைவிட அங்கே கூட்டம் குறைவு. பாதி வழியில் டயோனிசஸ் அரங்கு என்ற பழைய நாடக அரங்கு இருப்பதால் நின்று மூச்சு வாங்க ஒரு சாக்கும் கிடைக்கும். மாமியார் ஏறவில்லை. கீழே அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தின் உணவகத்தில் அமர்ந்து, காபியோடு குன்றின் மேலிருக்கும் பார்த்தெனான் கோயிலை ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டார்.

நாங்களும் இறங்கி அங்கேதான் சேர்ந்துகொண்டோம். சிறுவர்களுக்கு மலையைவிட இந்த அருங்காட்சியகம் உசத்தி. கண்ணாடித் தரைக்குக் கீழே பழைய ஊரின் வீடுகளும் கிணறுகளும் தெரிகின்றன. அதன் மேல் நடக்க மகன் முதலில் மறுத்தான், அப்புறம் குதிக்க ஆரம்பித்தான். லெகோ கட்டைகளால் செய்த அக்ரோபோலிஸ் மாதிரி ஒன்று இருக்கிறது; கோயிலும் கூட்டமும் குட்டி மனிதர்களுமாக. அங்கிருந்து அவனை நகர்த்த முடியவில்லை. தூணுக்குப் பதிலாகக் கூரையைத் தாங்கி நின்ற பெண் சிலைகளில் ஐந்து இங்கே, ஒன்று லண்டனில். காலியாக விட்டிருக்கும் ஆறாவது இடத்தைப் பார்த்து மகள் காரணம் கேட்டாள். பிரிட்டிஷ்காரரான எல்ஜின் பிரபுவின் ஆட்கள் எடுத்துப் போனார்கள் என்றதும், "திருப்பிக் கேக்கலையா?" கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள் என்றேன்.

மதியம் பக்கத்திலிருந்த பிளாக்கா பகுதியில் சாப்பாடு. ஃபாவா என்று சாண்டோரினியின் மஞ்சள் பருப்பை மசித்து, ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். சைவக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். "எல்லாம் சரி, தாளிக்க மறந்துட்டாங்க" என்றார் மாமியார். திரும்பும் வழியில் சின்டாக்மா சதுக்கத்தில் காவலர் மாறுவதைப் பார்த்தோம். ஒவ்வொரு மணிக்கும் நடக்கும், கட்டணம் இல்லை. மடிப்பு வைத்த பாவாடையும் குஞ்சம் வைத்த காலணியுமாகக் காலை மெதுவாக உயர்த்தி நிறுத்தும் அந்த நடையை மகன் கப்பல் தாழ்வாரத்தில் ஊர் திரும்பும்வரை நடந்து காட்டினான்.

கோர்ஃபுவிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. துறைமுகத்திலிருந்து பழைய ஊர் பக்கம், வெனிஸ்காரர்கள் விட்டுப்போன சந்துகளில் நாள் முழுக்க நிழல். 1815 முதல் 1864 வரை பிரிட்டிஷார் பாதுகாப்பில் இருந்த தீவு இது. 1823-இல் இங்கே கிரிக்கெட் ஆடியிருக்கிறார்கள், கிரேக்கத்தில் அந்த ஆட்டம் வேர்விட்டது இங்கிருந்துதான். இது தெரிந்த பிறகு என் கணவர் ஸ்பியனாடா மைதானத்தை விட்டு நகர மறுத்தார். பிரிட்டிஷார் விட்டுப்போன இஞ்சி பானம் ஒன்றும் உண்டு, ட்சிட்சிபிரா; பிள்ளைகள் ஒரு வாய் குடித்துவிட்டு என்னிடம் தள்ளிவிட்டார்கள்.

மதியம் கனோனிக்குப் போனோம். அங்கே விமான ஓடுதளம் நீர்ப்பரப்புக்குள் நீண்டிருக்கிறது. மேட்டுக் காபிக் கடையில் அமர்ந்தால் இறங்கும் விமானம் கண் மட்டத்தில் போகிறது. கீழே குட்டித் தீவில் வெள்ளை மடம் ஒன்று, பாலத்தில் நடந்தே போய்விடலாம். மடத்தைப் படம் எடுத்தது நான் ஒருத்திதான். மற்ற மூவரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மாமியார் எந்த விமானம் எந்தக் கம்பெனி என்று மகனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

உங்கள் வழியில் ரோட்ஸ் இருந்தால் விடாதீர்கள். நாங்கள் போகவில்லை, ஆனால் வழி தேடும்போது வரைபடத்தில் என்னை மிகவும் இழுத்த ஊர் அதுதான். கப்பல் கோட்டைச் சுவருக்குப் பக்கத்திலேயே நிற்கும். இறங்கிச் சில நிமிடம் நடந்தால் 1309 முதல் 1522 வரை சிலுவைப் போர் வீரர்கள் ஆண்ட நகரத்துக்குள் இருப்பீர்கள். கூழாங்கல் பதித்த தெருக்கள், தள்ளுவண்டிக்குக் கொஞ்சம் சிரமம்தான். வெயில் தாங்கவில்லை என்றால் எல்லி கடற்கரையும் நடை தூரம். 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் லிண்டோஸுக்குப் போவதாக இருந்தால் மட்டும் கப்பல் சுற்றுலாவை வாங்குங்கள்.