பன்னீரின் ரத்த ரிப்போர்ட்

பிரிண்டரிலிருந்து வந்த தாளில் பாதிக்கு மேல் சிவப்பு எழுத்து. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு லேப்பில் பத்தொன்பது வருஷமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். அப்படி ஒரு ரிப்போர்ட் ஒரு மனிதருக்கு வந்திருந்தால் அந்த நிமிஷமே டாக்டருக்கு போன் போட்டிருப்பேன். அன்று வந்தது என் பன்றிக்குட்டிக்கு. வயது 32 நாள். பெயர் பன்னீர்.

தெரிந்தவர் பண்ணையில் தாய்ப்பன்றி செத்துப்போனது. மற்ற குட்டிகளை இன்னொரு தாயிடம் விட்டார்கள். இது கடைக்குட்டி, முட்டி மோதிக் காம்பைப் பிடிக்கத் தெம்பில்லை. பத்தாம் நாள் காய்கறிக் கூடையில் எங்கள் வீட்டுக்கு வந்தது. வெள்ளை யார்க்‌ஷயர் கலப்பு, பன்னீர் ரோஜா நிறம். பெயர் அப்படி வந்ததுதான். புதுப்பாளையத்தில் எங்களுடையது மாடி வீடு, டைல்ஸ் தரை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புட்டியில் பசும்பால். ஒரு நாளைக்கு மூன்று தடவை தரையைத் துடைத்தேன். அதன் காலில் ஒரு பொட்டு மண்கூட ஒட்டவில்லை.

நாலாவது வாரம் புட்டியைப் பார்த்தால் ஓடி வருவது நின்றது. முடி சிலிர்த்துக்கொண்டு நின்றது. பால் குடித்து முடிப்பதற்குள் விலா எலும்புக்குக் கீழே வயிறு வெட்டி வெட்டி இழுத்தது. ஒரு நாள் காலையில் ஜன்னல் ஓரம் தூக்கி வைத்து, காதை விரித்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். முன்பெல்லாம் ரோஜா நிறமும் நடுவில் கிளை பிரியும் நரம்பும் தெரியும். அன்று வெங்காயச் சருகு மாதிரி இருந்தது.

பக்கத்திலிருந்து வந்த கால்நடை மருத்துவர் குட்டியை மல்லாத்திப் பிடிக்கச் சொல்லி, கழுத்தும் மார்பும் சேரும் குழியில் வலது பக்கமாக ஊசியை விட்டார். பன்றிக்கு மனிதர் கையில் மாதிரி மேலாகத் தெரியும் நரம்பு கிடையாது. காதில் இருப்பது இந்த வயதில் நூல் மாதிரி இருக்கும். பன்னீர் அலறிய அலறலில் தெருவே வெளியே வந்துவிட்டது. நானும் பதறிப்போய், ஊசியைக் கழற்றாமலேயே சிரிஞ்சை அழுத்தி ரத்தத்தைக் குழாயில் பீய்ச்சினேன். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் செய்யாதே என்று நான் தினமும் சொல்வது அதைத்தான். மெல்லிய ஊசி வழியாக அழுத்தினால் சிவப்பணு உடைந்துவிடும்.

லேப் முதலாளியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு எங்கள் மெஷினிலேயே போட்டேன். வெள்ளையணு 18,400, பக்கத்தில் சிவப்பு அம்புக்குறி. வெள்ளையணுவில் ஒரு வகையான லிம்போசைட் 58 சதவீதம், அம்பு. பிளேட்லெட் 9.8 லட்சம், அம்பு. பொட்டாசியம் 7.4, அம்பு. சர்க்கரை, ஏஎல்பி என்ற நொதி, எல்லாவற்றுக்கும் அம்பு. ஹீமோகுளோபின் 5.6 என்பதும் அந்தத் தாளில்தான் இருந்தது. ஆனால் என் கண் நின்றது வெள்ளையணுவில். 18,000 என்றால் உள்ளே எங்கோ கிருமி தாக்கியிருக்கிறது, இன்றைக்கே ஆன்டிபயாட்டிக் போட்டாக வேண்டும் என்று முடிவே செய்துவிட்டேன்.

மறுநாள் தாளையும் குட்டியையும் எடுத்துக்கொண்டு புதுச்சேரி குரும்பாபேட் கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனேன். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டும்வரை மடியில் தூங்கியது, அதற்கப்புறம் மூச்சிழுப்பு. டாக்டரம்மா தாளைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "இந்த நார்மல் அளவெல்லாம் யாருக்கு?"

மனிதருக்கு. அவ்வளவுதான் விஷயம். வெள்ளையணு மனிதருக்கு 4,000 முதல் 11,000. பன்றிக்கு 11,000 முதல் 22,000. மனித ரத்தத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு அதிகம், பன்றியில் லிம்போசைட்தான் அதிகம். நான் பயந்த இரண்டும் பன்னீருக்குச் சரியான அளவுகள். "பன்றிக்கு வெள்ளையணு இறங்கினாத்தாம்மா நான் பயப்படுவேன்" என்றார். பன்றிக் காய்ச்சல் என்ற வைரஸ் நோயில் வெள்ளையணு மளமளவென்று விழுந்துவிடுமாம். செய்தித்தாளில் மனிதருக்கு வருவதாக எழுதுவார்களே, அந்தப் பன்றிக் காய்ச்சல் இல்லை இது. பன்றிகளை மட்டும் தாக்குவது. மனிதக் கணக்கில் பார்த்தால் 6,000 என்பதைச் சுகமான எண் என்று விட்டுவிடுவேன். பன்றிக்கு அது அபாய மணி. அதை நினைத்து அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சர்க்கரை ஏறியது அலறியதால். ஏஎல்பி எலும்பு வளரும் வயதில் கூடத்தான் இருக்கும், நம் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். பொட்டாசியம் என் கைத்தவறு: உடைந்த சிவப்பணுவிலிருந்து அது வெளியே கொட்டிவிடும். ரத்தம் உறைந்த பின் மேலே நிற்கும் நீரான சீரம் ரோஸ் மில்க் நிறத்தில் இருந்ததைப் பார்த்தும் நான் யோசிக்கவில்லை. திரும்ப நிதானமாக எடுத்த ரத்தத்தில் 5.3 வந்தது. மனிதருக்கு அது கொஞ்சம் அதிகம், பன்றிக்கு நார்மல்.

அப்புறம் டாக்டரம்மா பேனாவை ஹீமோகுளோபினில் வைத்தார். பன்றிக்கு 10 முதல் 16 இருக்கலாம். குட்டிக்கு 8-க்குக் கீழே போனால் ரத்தசோகை. 5.6. சிவப்பணுவின் பருமன் எம்சிவி 44. மனிதருக்கு 80 முதல் 100 என்பதால் எங்கள் மெஷின் எந்தப் பன்றி ரத்தத்தைப் போட்டாலும் அதற்கு அம்பு போடும். ஆனால் பன்றிக்கும் 50-க்குக் குறையக் கூடாது. குவிந்து கிடந்த பொய் அம்புகளுக்கு நடுவில் நிஜ அம்புகள் இந்த இரண்டுதான்.

லேப்புக்குத் திரும்பியதும் முதல் வேலையாக ஸ்லைடு போட்டேன். லீஷ்மேன் சாயம் ஊற்றி, காயவைத்து, எண்ணெய் லென்ஸில் பார்த்தேன். நல்ல சிவப்பணு நடுவில் கொஞ்சம் வெளுத்து, சுற்றிலும் சிவந்து இருக்கும். பன்னீருடையவை வெறும் வளையல்கள். ஓரத்தில் மெல்லிய கோடு, நடுவெல்லாம் காலி. இரும்புச்சத்துக் குறைவுக்கு அடையாளம். அங்கங்கே ஓரம் முள் முள்ளாகச் சுருங்கிய அணுக்களும் இருந்தன. அது பன்றி ரத்தத்தில் சாதாரணம் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. பிளேட்லெட் 9.8 லட்சம் எப்படி வந்தது என்பதும் அங்கேதான் புரிந்தது. இரும்புச்சத்து குறைந்தால் பிளேட்லெட் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். அதற்கு மேல், ரொம்பப் பொடியாக இருந்த சிவப்பணுக்களையும் மெஷின் பிளேட்லெட் என்று எண்ணியிருக்கிறது. மனித ரத்தத்துக்காகச் செய்த மெஷின், அதற்கு வேறு என்ன தெரியும்?

இரும்புச்சத்து குறைந்ததற்குக் காரணம் நான் துடைத்துத் துடைத்து வைத்த தரையும் பசும்பாலும். பன்றிக்குட்டி பிறக்கும்போது உடம்பில் சுமார் 50 மில்லிகிராம் இரும்புதான் இருக்கும். வேகமாக வளர்வதால் தினம் 7 மில்லிகிராமாவது வேண்டும். தாய்ப்பாலில் கிடைப்பது ஒரு மில்லிகிராம், பசும்பாலிலும் மிகக் குறைவு. ஒரு வாரத்தில் கையிருப்பு தீர்ந்துவிடும். வெளியில் வளரும் குட்டி மண்ணைக் கிளறித் தின்று ஓரளவு சரிக்கட்டிக்கொள்ளும். சிமெண்ட் தரைப் பண்ணைகளில் அதனால்தான் பிறந்த மூன்று நாளுக்குள் இரும்பு ஊசி போட்டுவிடுகிறார்கள். பன்னீருக்கு அங்கே போட்டிருப்பார்கள் என்று நான் நினைத்தேன், யாரும் போடவில்லை. நானும் கேட்கவில்லை.

கழுத்துத் தசையில் அயர்ன் டெக்ஸ்ட்ரான் 2 மில்லி, அதாவது 200 மில்லிகிராம். மருந்து அவ்வளவுதான். ஆன்டிபயாட்டிக் ஒரு சொட்டுகூட வேண்டியிருக்கவில்லை. பாலோடு குட்டிகளுக்கான தீவனமும் சேர்த்தோம். கேப்பர் மலைப் பக்கமிருந்து ஒரு சாக்கு செம்மண் கொண்டுவந்து மொட்டைமாடியில் கொட்டினேன். பன்றிகள் திரிந்த இடத்து மண் வேண்டாம், உருளைப்புழு முட்டை இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் இடம் பார்த்து அள்ளினோம். ஊசிக்கு அது மாற்று இல்லை. ஆனால் அந்தக் குவியலில் முதல் தடவை மூக்கை விட்டு அது உழுததைப் பார்த்தபோது, இத்தனை நாள் எதைத் தடுத்து வைத்திருந்தேன் என்று எனக்கு நெஞ்சு அடைத்தது.

பத்தாம் நாள் ஹீமோகுளோபின் 8.1. ஸ்லைடில் நீலம் கலந்த பெரிய இளம் சிவப்பணுக்கள், எலும்பு மஜ்ஜை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். நாலு வாரத்தில் 11.4. அன்று அது நல்ல ஆரோக்கியத்தோடு இருந்ததால் மற்ற எல்லா எண்களையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். செல்லமாகப் பன்றி வளர்ப்பவர்கள் இதை அவசியம் செய்யுங்கள். நோய் வந்த பிறகு ஒப்பிட்டுப் பார்க்க அதன் சொந்த எண்ணைப் போல உதவுவது வேறில்லை. இன்னொன்று, தண்ணீர் வற்றிய உடம்பில் ஹீமோகுளோபின் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். கூடவே மொத்தப் புரதத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், தண்ணீர் வற்றியிருந்தால் அதுவும் ஏறியிருக்கும்.

அந்த நோட்டு ஒன்பதாவது மாதம் உதவியது. சிதம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் ஒன்றரை நாள் கழித்து வந்தோம். பன்னீர் தண்ணீர் அண்டாவைக் கவிழ்த்துவிட்டிருந்தது. எதிர்வீட்டு அக்கா பாசத்தோடு கருவாட்டுக் குழம்புச் சோறு வைத்திருந்தார். நாங்கள் வந்தபோது அது சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றது. நாய் மாதிரி குந்தி உட்கார்ந்து மூக்கை மேலே மேலே வெட்டியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை.

சோடியம் 164. மெஷின் அம்பு போட்டது. இந்தத் தடவை அம்பு நிஜம். சோடியத்தில் மனிதருக்கும் பன்றிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பன்றிக்கு 150-ஐ ஒட்டிப் போகலாம், நோட்டில் பன்னீருக்கு 143 என்று இருந்தது. உப்பு மட்டும் என்றால் பன்றி தாங்கும், தண்ணீர் இல்லாமல் உப்பு என்றால் மூளையைப் பிடித்துவிடும். வாளி நிறையத் தண்ணீரைக் கொண்டுபோய் வைக்கத்தான் எனக்குக் கை வந்தது. போனில் டாக்டரம்மா தடுத்தார். ஒரேயடியாகக் குடித்தால் மூளை வீங்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு, டம்ளரால் அளந்து விடிய விடியக் கொடுத்தோம். இரண்டாம் நாள் 155, நாலாம் நாள் 146. கூப்பிட்டதும் காதைத் திருப்பியது அந்த நாலாம் நாள் சாயங்காலம்தான்.

அண்டாவுக்குப் பதில் இப்போது கவிழ்க்க முடியாத சிமெண்ட் தொட்டி. கருவாட்டுக் குழம்பு வைக்கும் நாளில் எதிர்வீட்டு அக்கா குழம்பு ஊற்றுவதற்கு முன்னாலேயே பன்னீருக்கு என்று ஒரு பிடி வெள்ளைச் சோற்றைத் தனியாக எடுத்து வைத்துவிடுகிறார்.