உப்புக்காற்றும் என் வீட்டு ஏசியும்

போன மே மாதம் ஒரு ராத்திரி, மாடியில் இருக்கும் அவுட்டோர் யூனிட் 'உம்ம்' என்று உறுமிவிட்டு டப்பென்று அடங்கியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே உறுமல். காலையில் வந்த மெக்கானிக் மூடியைக்கூடக் கழற்றவில்லை. "கம்ப்ரசர் போச்சு சார், 14,000 ஆகும்" என்றார்.

சரி, இன்னொருவரிடமும் கேட்போம் என்று தங்கச்சிமடத்திலிருந்து தெரிந்த தம்பி ஒருவரை வரச்சொன்னேன். திறந்ததுமே, கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டரைக் காட்டினார். தலை பூரி மாதிரி உப்பியிருந்தது. 450 ரூபாயில் வேலை முடிந்தது.

ஆனால் அவர் கவலைப்பட்டது, அதே யூனிட்டில் கேஸ் ஓடும் குழாய்ச் சுருளான காயிலைப் பார்த்துத்தான். எங்கள் வீடு பாம்பனில், தென்கடலைப் பார்த்தது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஜன்னல் கம்பிகூடக் கரிக்கும். காயிலின் அலுமினியத் தகடுகள் விரல் பட்டதும் வெள்ளை மாவாக உதிர்ந்தன. அந்தத் தகடு வழியாகத்தான் சூடு வெளியே போக வேண்டும். போகாவிட்டால் உள்ளே பிரஷர் ஏறி, அடி வாங்குவது கம்ப்ரசர்.

10 வருட வாரண்டி இருக்கிறதே என்று அட்டையை எடுத்தேன். அது கம்ப்ரசருக்கு மட்டும். காயில், கேஸ், கூலி எல்லாம் நம் தலையில்.

இப்போது 15 நாளுக்கு ஒருமுறை மெயினை அணைத்துவிட்டுக் காயிலைக் கழுவுகிறேன். போர் தண்ணீர் உவர்ப்பு, அதை ஊற்றினால் ஊற்றாமலே இருக்கலாம். அதனால் விலைக்கு வாங்கும் நல்ல தண்ணீரில் ஒரு குடம். "குடிக்கிற தண்ணியை மெஷினுக்கு ஊத்துறீங்களே" என்று வீட்டில் ஒவ்வொரு தடவையும் சண்டை.