வேளாண் செய்முறைத் தேர்வு: ‘ஏன்’ என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

பிளஸ் டூ தொழிற்கல்விப் பிரிவில் வேளாண் அறிவியல் எடுத்தவர்கள் செய்முறைத் தேர்வில் வேலையைப் பெரும்பாலும் சரியாகவே செய்துவிடுகிறார்கள். “குழியை ஏன் ‘வி’ வடிவத்தில் வெட்டினாய்?” என்று தேர்வாளர் கேட்கும்போதுதான் தடுமாறுகிறார்கள். பதிவேட்டில் உள்ள படிகளை மனப்பாடம் செய்து இந்த இடத்தைத் தாண்ட முடியாது. காரணம் புரிந்துவிட்டால் படிகள் தானாகவே வரிசையாக நினைவில் நிற்கும்.

மண் மாதிரியை எடுத்துக்கொள்வோம். ஓர் ஏக்கரில் 15 செ.மீ. ஆழம் வரை உள்ள மேல்மண் ஏறக்குறைய 9 லட்சம் கிலோ. அத்தனை மண்ணின் சார்பாக ஆய்வகத்துக்குப் போவது வெறும் அரைக் கிலோ. இந்தக் கணக்கு மனதில் இருந்தால், ஒரே இடத்தில் ஏன் எடுக்கக் கூடாது, வரப்போரம், மர நிழல், எரு கொட்டிய இடம், வாய்க்கால் கரை இவற்றை ஏன் ஒதுக்க வேண்டும் என்பதெல்லாம் விளங்கிவிடும். வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 10 முதல் 15 இடங்களைத் தேர்ந்தெடுங்கள். மேலே கிடக்கும் சருகையும் புல்லையும் மட்டும் விலக்குங்கள், மண்ணைச் சுரண்ட வேண்டாம். மண்வெட்டியால் ‘வி’ வடிவத்தில் வெட்டி, அந்த மண்ணை வெளியே தள்ளிவிட்டு, குழியின் இரு சரிவிலும் மேலிருந்து அடிவரை ஒரே கனத்தில், சுமார் 2.5 செ.மீ., சீவி எடுங்கள். கிண்ணம் போலத் தோண்டினால் மேல்மண் கூடுதலாகவும் அடிமண் குறைவாகவும் வரும். மட்கு, அதாவது மக்கிய இலைதழைப் பொருள், மேல்மண்ணில்தான் அதிகம் என்பதால், ஆய்வு முடிவு வயலை உள்ளதைவிட வளமாகக் காட்டும். விவசாயி உரத்தைக் குறைப்பார், விளைச்சலும் குறையும். தேர்வாளர் எதிர்பார்க்கும் பதில் இதுதான்.

நெல், கேழ்வரகு, நிலக்கடலைக்கு 15 செ.மீ. ஆழம் போதும். பருத்தி, கரும்பு, மரவள்ளிக்கு 22.5 செ.மீ. போக வேண்டும். பழ மரங்களுக்கு 30, 60, 90 செ.மீ. ஆழங்களில் மூன்று தனித்தனி மாதிரிகள். மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

சேகரித்த மண்ணைச் சுத்தமான தாளில் பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரு பகுதிகளை நீக்குங்கள். மீதியைக் கலந்து மறுபடி பிரியுங்கள். அரைக் கிலோ வரும்வரை இதுவே வேலை. நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போடுங்கள். உரச்சாக்கில் பரப்பினாலோ, அதில் கட்டினாலோ, ஒட்டியிருக்கும் உரத்தூளே முடிவைக் கெடுத்துவிடும். நுண்ணூட்ட ஆய்வுக்கான மாதிரியென்றால் துருப்பிடித்த இரும்புக் கருவியும் ஆகாது.

விதை முளைப்புத்திறன் சோதனையில் எண்ணுவதுதான் கஷ்டம். பொறுக்கி எடுக்காமல், கைக்கு வந்தபடி 400 விதைகள், நூறு நூறாக நான்கு தொகுதிகள். ஈரத்தாளில் வரிசையாக வைத்துச் சுருட்டி நிறுத்த வேண்டும். நெல்லுக்கு முதல் எண்ணிக்கை 5ஆம் நாள், இறுதி எண்ணிக்கை 14ஆம் நாள். முளை விட்டதையெல்லாம் மாணவர்கள் எண்ணிவிடுவார்கள். தண்டு இருந்து வேர் இல்லாத நாற்று, முறுக்கிக்கொண்ட நாற்று, அழுகிய நாற்று எல்லாம் ‘இயல்பற்றவை’ என்ற பட்டியலுக்குப் போக வேண்டும். இயல்பான நாற்று மட்டுமே வயலில் பயிராகும், அதனால் சதவீதக் கணக்கிலும் அது மட்டுமே சேரும். சான்று பெற்ற நெல் விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 80 சதவீதம், சுத்தம் 98 சதவீதம்.

விதைப்பதற்கு முன் விதையோடு மருந்தும் உயிர் உரமும் கலக்கும் விதை நேர்த்தியில் வரிசை முக்கியம். ரசாயனப் பூஞ்சாணக்கொல்லி கலந்து 24 மணி நேரம் கழித்துத்தான் உயிர் உரம். உயிர் உரமான ரைசோபியம் பாக்டீரியாவை ஆறிய வடிகஞ்சியில் கலந்து விதைமேல் பூசி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்த வேண்டும். கஞ்சி சூடாக இருந்தாலும், வெயிலில் காயவைத்தாலும் பாக்டீரியா செத்துவிடும். கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது என்பதால் இந்தத் தவறு வயலிலும் நடக்கிறது.

உரக் கணக்கில் தப்பு நடக்கும் இடம் அலகு. ஹெக்டேருக்கு 120:40:40 கிலோ தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்து என்று கொடுத்து ஓர் ஏக்கருக்குக் கேட்பார்கள். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர் என்பதால் முதலில் 2.47ஆல் வகுங்கள்: தழை 48.6, மணி 16.2, சாம்பல் 16.2. டிஏபி (டை அமோனியம் பாஸ்பேட்) உரம் இருந்தால் மணிச்சத்தில்தான் தொடங்க வேண்டும், ஏனென்றால் டிஏபியில் 46 சதவீத மணிச்சத்தோடு 18 சதவீதத் தழைச்சத்தும் சேர்ந்தே வருகிறது. 16.2 கிலோ மணிச்சத்துக்கு 35.2 கிலோ டிஏபி. அதிலேயே 6.3 கிலோ தழைச்சத்து கிடைத்துவிடும். மீதி 42.3 கிலோவுக்கு, 46 சதவீதத் தழைச்சத்துள்ள யூரியா 92 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் இரண்டு மூட்டையும் கொஞ்சமும். 60 சதவீத பொட்டாஷில் 27 கிலோ. யூரியாவை முதலில் கணக்கிட்டவர் 106 கிலோ என்று எழுதுவார். அந்தக் கூடுதல் 14 கிலோவை வயலில் போட்டால் பயிர் சாய்வதற்கும் பூச்சி பெருகுவதற்கும் வழிவிடும், மண்ணில் தங்காதது நிலத்தடி நீருக்கும் போகும்.

மழைமானிக்கு இரண்டு விஷயம் போதும். பக்கத்திலுள்ள மரத்தின் அல்லது சுவரின் உயரத்தைப் போல இரு மடங்கு தூரத்தில் வைக்க வேண்டும்; தினமும் காலை 8.30க்கு அளக்க வேண்டும். ஓர் ஏக்கரில் 1 மி.மீ. மழை என்றால் சுமார் 4,047 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கைப் பதிவேட்டின் ஓரத்திலேயே எழுதி வையுங்கள்.

நெல் முளைப்புக்கு 14 நாள் வேண்டும் என்பதால், தேர்வுக்கு முந்தைய வாரம் தொடங்கிப் பயனில்லை. மூன்று வாரம் முன்பே தாள் சுருளைக் கட்டி, வெளிப்புறத்தில் தேதியையும் தொகுதி எண்ணையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்து, எந்தச் சுருள் எதுவென்று தெரியாமல் போய்விடும்.