பன்றியும் வேடியப்பனும்

டிவியில் காந்தாரா படம். பஞ்சுருளி தெய்வத்தின் பன்றி முகம் திரையில் வந்ததும் ஆயா வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டார்.

"கடலைக்காட்டையெல்லாம் நோண்டிப் போடுற பன்னிக்கா இந்தக் கும்பிடு?"

ஊத்தங்கரைப் பக்கம் மானாவாரி நிலம் வைத்திருப்பவருக்கு வேறெப்படித் தோன்றும்!

கர்நாடகக் கடலோரத் துளு நாட்டில் அந்தப் பன்றிதான் தெய்வம். சிவனின் தோட்டத்தை நாசம் செய்ததால் பூமிக்கு அனுப்பப்பட்டு, இங்கே மக்களுக்குக் காவலாக நின்றது என்று கதை சொல்வார்கள். அழித்ததையே காவலுக்கு வைப்பது!

2022இல் வந்த படத்தில் இயக்குநர் ரிஷப் ஷெட்டி இதற்கெல்லாம் பாடம் நடத்தவில்லை. காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறவனின் கனவில் அந்த முகத்தையே வரவைக்கிறார். அவனுக்குச் சிவா என்று பெயர் வேறு. எனக்கு அந்த இடம்தான் பிடித்தது. கிளைமாக்ஸ் ஆட்டமெல்லாம் அப்புறம்தான்.

நம் பக்கம் நேரெதிர். பன்றியைக் குத்தித் தானும் செத்தவனுக்குக் கல் நட்டார்கள். பன்றிக்குத்திப்பட்டான் கல் என்று பெயர். பாய்ந்து வரும் பன்றி, அதன்மேல் இறங்கும் ஆயுதம், சில கற்களில் கூடவே ஒரு நாய்.

தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே அவை சிற்பம். வயல்காட்டில் நிற்பவற்றில் பல இன்றும் வேடியப்பன் என்ற சாமி. மஞ்சளும் எண்ணெயும் ஏறி முகமே மழுங்கிப்போயிருக்கும். பொங்கல் வைக்க வருபவர்களுக்கு அந்த முகம் போதும்.

யாராவது வேடியப்பனை வைத்துப் படமெடுத்தால் ஒரே வேண்டுகோள். செட் போட்டு, கிராபிக்ஸில் கண்ணை உருட்ட வைக்காதீர்கள். புளியமரத்தடியில் நிற்கிற கல்லையே காட்டுங்கள்.