சார்கோல் படங்களை எடுத்துவிடச் சொன்னேன்

இன்டர்வியூவில் சொல்லியிருந்தால் அது என் வேலையில் சேர்த்தி. எல்லாம் முடிந்து கீழே ரிசப்ஷனுக்கு வந்த பிறகு, வேலை கேட்டு வந்த ஒரு பையனிடம் யாரும் கேட்காமல் நானாகச் சொன்னதுதான் உறுத்துகிறது. உறுத்துகிறது என்பதால் சொன்னது தப்பு என்று ஆகிவிடாது. நாளைக்கே இன்னொரு பையன் வந்து நின்றாலும் அநேகமாக இதையேதான் சொல்வேன்.

அந்தப் பையன் சென்னை பெரியமேட்டு கவின்கலைக் கல்லூரி, எம்எஃப்ஏ பெயின்டிங். நான் படித்த அதே துறை. ஆப்களின் ஸ்கிரீனை வடிவமைக்கிற யூஐ டிசைனர் வேலைக்கு வந்திருந்தான். இம்பீரியல் ஷீட் என்கிற பெரிய வரைதாளை மடிக்காமல் வைக்கிற பெரிய ஃபோல்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தவனை, அட்டை காட்டினால் திறக்கிற அந்தச் சின்ன கேட்டில் அது நுழையாது என்று செக்யூரிட்டி அண்ணன் நிறுத்தி, ஃபோல்டரை ரிசப்ஷன் சோபாவில் வைக்கச் சொல்லிவிட்டார். அதனால் மேலே அவன் வேலைகளைப் போட்டுவைத்திருந்த வெப்சைட் லிங்க் மட்டும்தான் பார்த்தோம். சாப்பாட்டு டெலிவரிக்கு ஒரு ஆப், டாக்டர் அப்பாயின்ட்மென்டுக்கு ஒன்று, செடி விற்க ஒன்று. கடைசியில் கரித்துண்டால் வரைந்த சார்கோல் படங்கள் சில. அந்த மூன்று ஆப்பையும் நான் வேறு பலரின் லிங்க்கிலும் பார்த்தாயிற்று, எல்லாரும் ஒரே யூடியூப் கோர்ஸில் படிக்கிறார்கள் போல. பணம் கட்டும் பக்கத்தை ஏன் அங்கே வைத்தாய் என்று புராடக்ட் மேனேஜர் கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அங்க நல்லா இருந்துச்சு சார்" என்றான். உண்மையான பதில், ஆனால் இன்டர்வியூவில் மார்க் வாங்காத பதில். எடுக்க வேண்டாம் என்று முடிவானபோது நான் மறுக்கவில்லை. மறுக்க என்னிடம் காரணமும் இல்லை.

வழியனுப்ப நானும் இறங்கினேன். ஒரே காலேஜ் என்ற பாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபோல்டரின் கயிற்றை அவிழ்த்துக் காட்டினான். எழும்பூர் ஸ்டேஷன் பக்கத்து டீ மாஸ்டர், சார்கோலில். டீ ஆற்றும்போது மேலே தூக்கிய கை, அந்த மணிக்கட்டு திரும்பியிருக்கிற விதம். அதைவிட, இரண்டு டம்ளருக்கும் நடுவே இறங்குகிற டீயை அவன் வரையவே இல்லை. சுற்றிலும் கரியை ஏற்றிக்கொண்டே வந்து அந்த ஒரு கோட்டில் மட்டும் பேப்பரை அப்படியே விட்டிருந்தான், டீ சூடாகக் கொட்டியது. ரப்பரால் அழித்து எடுத்த வெள்ளை வேறு, தொடாமல் விட்ட வெள்ளை வேறு, படித்தவர்களுக்குப் பார்த்ததும் தெரியும். நான் காலேஜில் இருந்தவரை எனக்கு அது கைவரவில்லை.

அதைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்: "இதையெல்லாம் லிங்க்லேருந்து எடுத்துடு தம்பி. இருக்கற ஆப்ல ரெண்டை மட்டும் வச்சுகிட்டு, ஒவ்வொரு ஸ்கிரீனும் ஏன் அப்படின்னு எழுது. இதைப் பாத்தா, ஆர்ட்டிஸ்ட்டு, எப்ப வேணா கிளம்பிடுவான்னு நினைப்பாங்க."

அதுவரை மேடம் என்றவன், "நீங்களும் எடுத்துட்டீங்களாக்கா?" என்று கேட்டான்.

"எப்பவோ" என்றேன்.

"சரிக்கா" என்று கயிற்றைக் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

இவ்வளவுதான் நடந்தது. சண்டையில்லை, கண்ணீரில்லை. ஆனால் அந்த "எப்பவோ" உண்மையில்லை. என்னை முதலில் வேலைக்கு எடுத்ததே ஸ்கெட்ச் புத்தகத்தைப் பார்த்துத்தான். பள்ளிப் பாடங்களை வீடியோவாகச் செய்கிற சின்ன கம்பெனி, அதன் முதலாளி பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, கம்ப்யூட்டர் எங்கே போகப்போகிறது, கற்றுக்கொள்ளலாம் என்று சேர்த்துக்கொண்டார். இல்லஸ்ட்ரேட்டர், ஃபோட்டோஷாப், பிற்பாடு ஆப் ஸ்கிரீன்களை வடிவமைக்கிற ஃபிக்மா, எல்லாமே சம்பளம் வாங்கிக்கொண்டே படித்தவை. எந்தக் கதவு வழியாக நான் உள்ளே வந்தேனோ அதைத்தான் அந்தப் பையனிடம் மூடச் சொல்லியிருக்கிறேன்.

இல்லை, இப்படிச் சொல்வதும் மிகை. அந்தக் கதவு இப்போது இல்லை, நான் மூடவில்லை. அன்றைக்கு யூஐ என்று யாரும் தனியாகப் படித்துவிட்டு வரவில்லை, வரையத் தெரிந்தவர்களைத்தான் பிடித்துப் போட்டார்கள். இன்று அதற்கென்றே படித்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு லிங்க்கை நாங்கள் ஒரு நிமிடம் பார்த்தால் பெரிது, அந்த நிமிடத்தில் டீ மாஸ்டர் வந்து நின்றால் அவனுக்குத்தான் நஷ்டம். இதைச் சொல்லாமல் "அருமையா இருக்குப்பா" என்று தோளைத் தட்டி அனுப்பியிருந்தால் நல்ல அக்காவாகத் தெரிந்திருப்பேன், அவன் அடுத்த கம்பெனியிலும் தோற்றிருப்பான்.

கலை படித்துவிட்டு வேறு பாதைக்குப் போவதை ஏதோ துரோகம் மாதிரிப் பேசுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. எங்கள் காலேஜே 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் ஆரம்பித்தது. சீக்கிரத்திலேயே அரசு எடுத்துக்கொண்டு தொழிற்கலைப் பள்ளியாக நடத்தியது. கைத்தொழில் கற்றுக்கொடுக்க வந்த இடம், தூய கலைப் பேச்செல்லாம் பிற்பாடு வந்தது. என்னோடு படித்தவள் ஒருத்தி 2012இல் அரசுப் பள்ளிகளுக்குப் பகுதிநேர ஆசிரியர்கள் எடுத்தபோது ஓவிய டீச்சராகச் சேர்ந்தாள். வாரத்தில் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய், மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது. பல வருடம் கழித்து அது 12,500 ஆனது, நிரந்தரம் கேட்டுப் போராட்டத்துக்கும் போய்வருகிறாள். அவள் வகுப்புப் பிள்ளைகள் வரைவதை வாட்ஸ்அப்பில் அனுப்புவாள், பார்த்தால் சந்தோஷமாக இருக்கும். அதே சமயம், அந்த வரிசையில் நான் நிற்கவில்லையே என்று ஒரு நிம்மதி வரும், அந்த நிம்மதியைப் பிடிக்கவும் பிடிக்காது.

வீட்டில் இந்தப் பேச்சு வந்தால் நான் எடுத்துவிடுவது ஓவியர்களின் கிராமமான சோழமண்டலத்தை. எங்கள் காலேஜ் பிரின்சிபாலாக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் கூட இருந்த ஓவியர்களும் மெழுகு பூசிச் சாயம் போடுகிற பத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில்தான் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி 1966இல் கலைஞர் கிராமம் ஏற்படுத்தினார்கள். அவர்களுக்கு பத்திக், நமக்கு ஃபிக்மா, இதில் என்ன கேவலம் என்பேன். நன்றாகத்தான் எடுபடும். ஆனால் அவர்கள் துணிக்குச் சாயம் போட்டது படம் போட. கை சாயத்தில் இருக்கும்போதும் மனசு கேன்வாஸில் இருந்திருக்கும். நான் ஃபிக்மாவைச் செய்துவிட்டு என்ன செய்தேன்? ஈஎம்ஐ கட்டினேன். வீட்டில் கேன்வாஸ் வைக்கிற ஈசல் ஸ்டாண்ட் மேல் இப்போது துணி காய்கிறது.

படித்தது வீணில்லை என்று இன்டர்வியூக்களில் நானே பெருமையாகச் சொல்வதுண்டு. தமிழில் ஆப் செய்யும்போது, இங்கிலீஷ் எழுத்துக்கு வைத்த வரி உயரத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். 'கி'யின் கொக்கி மேலே வெட்டுப்படும், 'பு'வின் வால் கீழே காணாமல் போகும். டீமில் வேறு யார் கண்ணிலும் படாதது என் கண்ணில் படும், அது ஆளை எதிரில் வைத்துப் பார்த்து வரைகிற லைஃப் ஸ்டடி வகுப்பு கொடுத்த கண் என்பேன். சாம்பல் மேல் சாம்பலாக எழுத்தை வைத்திருந்தால் உடனே சொல்லிவிடுவேன். அப்புறம் ஒருநாள் ஃபிக்மாவோடு சேர்த்துக்கொள்கிற சின்ன புரோகிராம், ஒரு பிளக்இன் வந்தது. எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வித்தியாசம் குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் சிவப்புக் காட்டும். என் கண் பார்த்த வேலையில் ஒரு பங்கை அது பார்த்துக்கொள்கிறது. நியாயமாகப் பார்த்தால் என்னைவிடச் சரியாகவே பார்க்கிறது. மீதிப் பங்கு என்னவென்று கேட்டால் என்னால் சட்டென்று சொல்ல முடியாது. டீயைத் தொடாமல் விட்டதை எந்த பிளக்இன்னும் சொல்லாது என்று தோன்றுகிறது, ஆனால் அது எங்கள் ஆப்புக்கு எதற்கு என்றும் தோன்றுகிறது.

ஒருவேளை நான் சொன்னதற்கும் அவன் வேலைக்கும் சம்பந்தமே இல்லாமல்கூட இருக்கலாம். மேலே மார்க் போட முடியாத ஒன்று, கீழே சோபாவில் அவ்வளவு நன்றாக இருந்ததைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்ததோ? பொறாமை என்று எழுத கை வரவில்லை. என் குரலில் அக்கறையும் இருந்தது, அதுவும் பொய்யில்லை.

அவன் லிங்க்கை அப்புறமும் திறந்து பார்த்தேன். சார்கோல் படங்கள் இல்லை. செடி ஆப்பும் இல்லை, மீதி இரண்டுக்கும் நீளமாக எழுதியிருக்கிறான், நன்றாகவே இருக்கிறது. சொன்னதைக் கேட்டிருக்கிறான் என்று திருப்திப்பட வேண்டும்.

இப்போது அதே வேலைக்கு மறுபடி ஆள் எடுக்கிறார்கள். வருகிறவர்களிடம் ஒரு பென்சிலைக் கொடுத்து, எதிரில் இருக்கிற ஏதாவது ஒன்றைப் பத்து நிமிடம் பார்த்து வரையச் சொல்லலாமா என்று எழுதிக் கேட்டேன். அதற்கு எந்த அடிப்படையில் மார்க் போடுவீர்கள், வரையவே வராத ஆனால் வேலை தெரிந்த ஆளை என்ன செய்வீர்கள் என்று எச்ஆரிலிருந்து கேட்டிருக்கிறார்கள். இரண்டாவது கேள்வி சரியான கேள்வி, அதற்கு ஒத்துக்கொண்டு பதில் போட்டுவிட்டேன். முதல் கேள்விக்கு இன்னும் எதுவும் எழுதவில்லை.