25 ஓம் சரியாக இருந்தும் ஃபைல் போகவில்லை: மெல்லிய ஈதர்நெட், மூன்றாவது வாரம்

கடைசியில் ஓடிவிட்டது. நேற்று ராத்திரி ஒன்பதரை மணிக்கு 40 எம்பி ஃபைல் ஒன்று கீழ் அறை மெஷினிலிருந்து மாடி மெஷினுக்கு ஒரு பிழையும் இல்லாமல் முக்கால் நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. ஓடுவது 10பேஸ்2, அதாவது எல்லா மெஷினும் ஒரே மெல்லிய ஒயரைப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஈதர்நெட் நெட்வொர்க். மெஷின்களை நடுவில் இணைக்கும் சுவிட்ச் கிடையாது, ஹப் கிடையாது. ஒரே கோஆக்ஸ் கேபிள் (நடுவில் கம்பி, அதைச் சுற்றி வலைக்கம்பி), முனைக்கு ஒரு டெர்மினேட்டர் (50 ஓம் மின்தடை), நடுவில் டி கனெக்டர் போட்டுக் கோத்த பெண்டியம் மெஷின்கள். நெட்வொர்க் கார்டு தேடியது, டிரைவர் ஏற்றியது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த பாடுதான், அதை விடுகிறேன்.

எதற்கு இந்த வேலை என்று வீட்டில் கேட்டார்கள். மோதலைக் கண்ணால் பார்க்க வேண்டும், அதுதான் ஆசை. சுவிட்ச் வந்த பிறகு ஒவ்வொரு மெஷினுக்கும் தனி ஒயர், தனிப் பாதை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கொள்வது என்பதே ஒழிந்துபோனது. ஆனால் ஈதர்நெட் பிறந்ததே அந்த முட்டலைச் சமாளிக்கத்தான். 1971-இல் ஹவாய்த் தீவுகளில் நார்மன் ஆப்ராம்சன் குழு அலோஹாநெட்டை ரேடியோவில் ஓட்டியது. எல்லோருக்கும் ஒரே அலைவரிசை, அனுப்ப இருந்தால் அனுப்பிவிடு, பதில் வராவிட்டால் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அனுப்பு, அவ்வளவுதான் விதி. இப்படி ஓட்டினால் அலைவரிசையில் 18 சதவீதத்துக்கு மேல் உபயோகமாகாது என்பது கணக்கு. ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் இருந்த பாப் மெட்காஃப் இதைப் படித்துவிட்டு, 1973 மே 22 அன்று ஈதர்நெட் பற்றிய தன் குறிப்பை எழுதினார். டேவிட் பாக்ஸும் அவரும் சேர்ந்து கட்டியது 2.94 மெகாபிட் வேகத்தில் ஓடியது. பேசுமுன் ஒயரைக் கேள், பேசும்போதும் கேள், முட்டினால் உடனே நிறுத்து, பிறகு குலுக்கல் போட்ட மாதிரி ஒரு நேரம் காத்திரு, மறுபடி முட்டினால் காத்திருக்கும் எல்லையை இரண்டு மடங்காக்கு. நாலு பேர் உள்ள வீட்டுத் திண்ணையில் பேச்சு நடக்கிற விதமே இதுதான், எனக்கு இதில் இருக்கும் அழகு வேறு எந்த நெட்வொர்க்கிலும் தெரிவதில்லை.

சரி, கிரிம்பிங்குக்கு, அதாவது கேபிள் முனையில் கனெக்டரை நசுக்கிப் பொருத்தும் வேலைக்கு வருகிறேன். மூன்று வாரத்தில் பாதி இதில்தான் போனது. ஆர்ஜி-58 ஏ/யூ கேபிளில் நடுக்கம்பி ஒற்றைக் கம்பி இல்லை, 19 மெல்லிய இழை. தோலை உரிக்கும்போது பிளேடு கொஞ்சம் ஆழமாக இறங்கினால் இரண்டு இழை அறுந்து போகும், மிச்சம் 17-ஐ முறுக்கிக் கனெக்டரின் நடு ஊசியான பின்னுக்குள் செருகினால் பிடிப்பு இராது, அடுத்த நாள் ஆடும். அறாமல் உரித்தாலும் வெளி வலைக்கம்பியில் ஒரே ஒரு மயிரிழை மடங்கி உள்ளே போய் பின்னைத் தொட்டுவிட்டால் முழு நெட்வொர்க்கும் படுத்துவிடும். நான் இப்போது செய்வது இதுதான்: வலையைக் குண்டூசியால் பிரித்துப் பின்பக்கம் சீவி, விரலால் அழுத்திப் படியவைத்து, டார்ச் வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்த பிறகுதான் பின்னைப் போடுகிறேன். முதல் கனெக்டருக்கு 40 நிமிடம் ஆனது, இப்போது ஆறு நிமிடம். பிளையரை வைத்து நசுக்கிப் பார்க்காதீர்கள், அறுகோண அச்சு உள்ள கிரிம்பிங் டூல் இல்லாமல் இதில் இறங்கவே வேண்டாம்.

ஒவ்வொரு முறையும் மல்டிமீட்டர். டி-யின் நடுவாயைக் கார்டிலிருந்து கழற்றி அதற்குள் முனைகளை வைத்துப் பார்த்தால் 25 ஓம் காட்ட வேண்டும், ஏனென்றால் இரண்டு 50 ஓம் டெர்மினேட்டரும் பக்க இணைப்பில் இருக்கின்றன. 50 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யம் காட்டினால் எங்கேயோ அந்த மயிரிழை.

இந்த 25 வெறும் சரிபார்ப்பு எண் இல்லை, மோதலைக் கண்டுபிடிப்பதே அதை வைத்துத்தான். இது தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பேசுகிற கார்டு ஒயரில் சராசரியாகச் சுமார் 40 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தை விடுகிறது. 25 ஓமில் அது ஒரு வோல்ட். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் இரண்டு வோல்ட். கார்டில் இருக்கும் கோஆக்ஸ் சிப் இடையில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது, அதைத் தாண்டினால் முட்டல். ஒரு டெர்மினேட்டரைக் கழற்றிப் பாருங்கள்: 50 ஓம் ஆகிவிடும், ஒருவர் மட்டும் பேசினாலே இரண்டு வோல்ட் வந்துவிடும், முட்ட வேறு ஆளே இல்லாத ஒயரில் மோதல் எண்ணிக்கை கிடுகிடுவென்று ஏறும். நான் செய்து பார்த்தேன், கார்டின் கணக்கைக் காட்டும் ஐஎஃப்கான்ஃபிக் கட்டளையில் அந்த எண் ஓடுவதைப் பார்க்கும்போது 1973-ஐத் தொட்ட மாதிரி இருந்தது.

ஆனால் போன வாரம் எல்லாம் 25.3 என்று அழகாகக் காட்டியும் ஃபைல் போகவில்லை. பிங் என்ற சோதனைச் செய்தியை 64 பைட்டில் அனுப்பினால் ஒன்றுகூடத் தவறவில்லை. 1400 பைட்டில் அனுப்பினால் இருநூறில் 31 காணாமல் போனது. மோதல் எண்ணிக்கை கிட்டத்தட்ட பூஜ்யம், ஆனால் வாங்குகிற பக்கம் ஃபிரேம் பிழைகள், அதாவது சிதைந்து வந்து சேர்ந்த பொட்டலங்கள், ஏறிக்கொண்டே இருந்தன. கார்டை மாற்றினேன், டி-யை மாற்றினேன், கனெக்டர்களை அறுத்து மறுபடி போட்டேன். சாரல் காலம் வேறு, இங்கே செங்கோட்டையில் பித்தளையெல்லாம் ஒரு வாரத்தில் பச்சை பூத்துவிடும் என்று டி-களை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தும் பார்த்தேன்.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் புனலூரில் ஒரு ஆக்ரிக்கடை இருக்கிறது, பழைய கம்ப்யூட்டர் சாமானை எடைக்கு வாங்கிப் பிரித்து விற்கிறவர். பதின்மூன்று கண் பாலம் வழியாக ரயிலில் போய் வருவதே சுகம். டி கனெக்டர் தேடிப் போனபோது என் பையில் இருந்த கேபிள் துண்டைப் பார்த்து, “இது டிவிக்குள்ளது அல்லவா?” என்றார். “ரெண்டும் ஒண்ணுதானே சேட்டா?” என்றேன். “வண்ணம் பாரு மோனே” என்று இரண்டையும் பக்கத்தில் வைத்தார். இரண்டும் கறுப்புதான். மலையாளத்தில் வண்ணம் என்றால் பருமன் என்பது ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. ஒன்று 5 மில்லிமீட்டர், மற்றது ஏழுக்குப் பக்கம். தோலில் பொடி எழுத்தில் ஒன்றில் 50 ஓம், மற்றதில் 75.

மாடிக்குப் போகும் வழியில் சுவருக்குள் ஏற்கனவே ஓடிய டிவி கேபிள் இரண்டு துண்டை, அடாப்டர் போட்டு நான் உபயோகித்திருந்தேன். “எல்லாம் ஒரே ஒயர்தாண்ணே” என்று கேபிள் இழுக்கும் தம்பி சொன்னதை நம்பினேன். அந்த 75 ஓம் மல்டிமீட்டரில் தெரியவே தெரியாது. மீட்டர் பார்ப்பது முனையில் இருக்கும் டெர்மினேட்டரை. கேபிளில் எழுதியிருப்பது ஓடுகிற அலைக்கு அந்த ஒயர் காட்டும் எதிர்ப்பு. 50-லிருந்து 75-க்கு மாறும் இடத்தில் அலையின் ஐந்தில் ஒரு பங்கு திரும்பிவிடும், வெளியே வரும்போது மறுபடி. 14 மீட்டர் துண்டில் போய் வர 140 நானோசெகண்ட் ஆகும், ஒரு பிட்டுக்கான நேரமே 100. ஆக எதிரொலி அடுத்த பிட்டின் தலையில் வந்து விழுகிறது. நாலு மூட்டு, நாலு எதிரொலி, தளர்ந்த அடாப்டர்கள் வேறு. சின்ன பிங் தப்பித்துவிடும், பெரியது மாட்டிக்கொள்ளும். மோதல் எண் ஏறாததற்கும் இதுவே விடை, வோல்ட் கணக்கு சரியாகத்தானே இருந்தது.

சேட்டனிடம் 40 மீட்டர் ஆர்ஜி-58 இருந்தது, அப்படியே வாங்கிவந்து சுவரைத் துளைத்து இழுத்தேன். மொத்தம் 31 மீட்டர். 185 வரை போகலாம் என்பதால் அதில் கவலை இல்லை, டி-க்கும் டி-க்கும் அரை மீட்டராவது இருக்க வேண்டும் என்பதை மட்டும் கவனித்தேன். ஃபிரேம் பிழை பூஜ்யம். ராத்திரி முழுக்க 1400 பைட் பிங் ஓடியது, ஒன்று தவறவில்லை.

அடுத்து டோக்கன் ரிங் செய்ய ஆசை இருக்கிறது. ஒற்றைப் பாதையில் டோக்கன் வாங்கிக்கொண்டு மலையேறிய ரயில்களை எங்கள் ஊர்க்காரர்கள் பார்த்திருக்கிறார்கள், அதே யோசனைதான், டோக்கன் கையில் இருப்பவன் மட்டும் பேசலாம். 4 மெகாபிட் கார்டு இரண்டு கிடைத்தால் தொடங்கிவிடுவேன், யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள். அதற்கு முன் ஒரு அலைக்காட்டியை (ஆசிலோஸ்கோப்) இரவல் வாங்கி, அந்த டிவி கேபிள் துண்டின் எதிரொலியைத் திரையில் பார்த்துவிட வேண்டும். துண்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன்.

மூன்றாவது மெஷின் இன்னும் சேரவில்லை, கனெக்டருக்கான பின்கள் தீர்ந்துவிட்டன. சனிக்கிழமை காலை ரயிலுக்கு மறுபடி புனலூர்.