ஞாயிறு காலை ஏழு மணி நிகழ்ச்சிக்காக நான் பட்ட பாடு

சென்னையில் ஒரு தனியார் பண்பலை நிலையத்தில் பாடல் தேர்வுப் பொறுப்பில் இருந்தேன். எங்கள் கணினியில் பல ஆயிரம் பாடல்கள் இருந்தும், ஒலிபரப்பில் சுழன்றவை சில நூறு மட்டுமே. ஆடி மாதம் விடியலில் எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு, சாயங்காலம் டீக்கடையில் நாகூர் ஹனீபா, சாவு வீட்டில் கானா, மார்கழியில் சபா கச்சேரி என்று எல்லாவற்றையும் ஒரே தெருவில் கேட்டு வளரும் ஊர் இது. 1977-இல் இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு தொடங்கியதும் இங்கேதான். அப்படிப்பட்ட ஊரில் எந்த அலைவரிசைக்குத் திருப்பினாலும் அதே பத்துப் பாட்டு வருவது எனக்குப் பொறுக்கவில்லை. 2018-இல், எல்லா வகை இசையும் கலந்த இரண்டு மணி நேர நிகழ்ச்சி ஒன்றைக் கேட்டு மேலாளரிடம் போனேன்.

"தெரியாத பாட்டு வந்தால் கை தானாகப் பொத்தானுக்குப் போய்விடும். இது வேறு எங்காவது ஓடியிருக்கிறதா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. தனியார் வானொலி பெரும்பாலும் விளம்பரத்தை நம்பி நடக்கிறது. பத்து விநாடிக்கு இவ்வளவு என்று நேரத்தை விற்றுத்தான் அரசுக்கு உரிமக் கட்டணமும் இசை நிறுவனங்களுக்கு உரிமைத் தொகையும் கட்ட வேண்டும்.

நான் 'ஜாக்' வானொலிகளைச் சொன்னேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் பல பத்தாண்டுப் பாடல்களைக் கலந்து ஒலிபரப்பியவை அவை. 2005-இல் நியூயார்க்கில் பெயர் பெற்ற பழைய பாடல் நிலையம் ஒன்றை இந்த முறைக்கு மாற்றினார்கள். நேயர்கள் கொதித்தார்கள், 2007-இல் பழையபடி திருப்பிவிட்டார்கள். அதே 2005-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கியது நிலைத்துவிட்டது. ஆனால் ஜாக்கில் வந்தவை பெரும்பாலும் ஒரு காலத்தில் ஊரறிந்த பாடல்கள்தாம். பல வகைப் பாட்டு என்பது வேறு, கேட்டறியாத பாட்டு என்பது வேறு. இதை நான் சரியாகப் புரிந்துகொள்ளப் பின்னால் பல வாரங்கள் ஆயின.

"நேயர் சோதனையில் தேறட்டும், பார்க்கலாம்" என்றார். வானொலி நேயர்களைக் கணக்கெடுக்க 2007-இல் வந்த முறை டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு ஆகிய நான்கு நகரங்களோடு நின்றது. சென்னை அதில் இல்லை. எனவே நாங்களே வடபழனியில் ஒரு கூடம் பிடித்து ஆட்களை அழைத்து, ஒவ்வொரு பாட்டிலும் பத்து விநாடியை ஓடவிட்டு மதிப்பெண் வாங்குவோம். திரைப்பாட்டுக்கு இது பொருந்தும். பல்லவியின் முதல் வரி போதும். நாகஸ்வர மேதை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை வாசித்த தோடி ராகத்தில் எந்தப் பத்து விநாடியை எடுப்பது? ஏதோ ஒரு துண்டைப் போட்டோம். பெரும்பாலோர் 'தெரியாது' என்று குறித்தார்கள். டீ இடைவேளை முடிந்ததும் அனுமதி கேட்டு, அதே இசைத்தட்டை மூன்று நிமிடம் ஓடவிட்டேன். கூடம் அமைதியானது. பெரம்பூரில் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா, "எங்கள் ஊர்த் தேர் நிலைக்கு வரும்போது கேட்டது போல இருக்கிறது" என்றார். மறுபடி வாங்கிய மதிப்பெண்கள் வேறாக இருந்தன. மேலாளர் அந்தத் தாள்களை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, 13 வாரம் தருகிறேன் என்றார்.

உரிமை விவகாரம் நான் பயந்த அளவுக்கு இல்லை. ஒலிப்பதிவுக்கு உரிமைக் காலம் 60 ஆண்டுகள். ராஜரத்தினம் பிள்ளை 1956-இல் மறைந்தவர் என்பதால், அவர் வாழ்நாளில் வெளியான இசைத்தட்டுகளுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. பழைய திரைப்பாடல்களில்தான் கவனம் வேண்டும். வரிக்கும் மெட்டுக்கும் தனி உரிமை, அது படைத்தவர் மறைந்த பிறகும் 60 ஆண்டு தொடரும்.

முதல் இரண்டு வாரம் நான் தவறு செய்தேன். கிராமியப் பாட்டு, சாக்ஸபோன், கானா, இசுலாமியப் பாடல், மேற்கத்திய வாத்தியக் குழு என்று ஐந்து வகையை அடுத்தடுத்து வைத்தேன். தொலைபேசி ஒலிக்கவே இல்லை. கேட்பவருக்குக் கால் ஊன்ற இடமே தரவில்லை என்று மூன்றாம் வாரம்தான் உறைத்தது. அதன்பின் இரண்டு தெரிந்த பாட்டுக்கு ஒரு புதியது என்று வைத்தேன். எதன் பக்கத்தில் எது என்பதற்கு முழு நேரம் செலவிட்டேன். தோடி முடிந்ததும் நாகஸ்வரத்தில் தொடங்கும் திரைப்பாட்டு ஒன்றை வைத்தேன். நையாண்டி மேளத்தின் அடி அடங்குவதற்குள் அதே நடையில் எல்லாருக்கும் தெரிந்த குத்துப்பாட்டு. கிராமியப் பாடகி கொல்லங்குடி கருப்பாயியின் குரலுக்குப் பிறகு இளையராஜா. அந்தக் குரலில் இருந்த மண் இந்த மெட்டிலும் இருப்பது கேட்பவருக்குத் தானே புரிந்தது. தமிழ்த் திரைப்பாட்டே பல இசைகளைத் தின்று வளர்ந்ததுதானே! அதனால்தான் அதை நடுவில் வைத்தால் எந்தப் பக்கமும் போய்வர முடிகிறது. நான்காம் வாரம் முதல் அழைப்புகள் வந்தன. "அந்த அம்மா பாடியதை மறுபடி போடுங்கள்" என்றே பலர் கேட்டார்கள்.

விற்பனைப் பிரிவு கடைசி வரை திணறியது. "இது எந்த வயதுக்காரருக்கு?" என்று விளம்பரதாரர் கேட்டால் அவர்களிடம் பதில் இல்லை. வீட்டில் எல்லாரும் இருக்கும் ஞாயிறு காலை என்று சொல்லச் சொன்னேன். புரசைவாக்கத்துப் பாத்திரக் கடைக்காரர் ஒருவர் மட்டும் நம்பி வந்தார். 13 வாரம் முடிந்ததும் மீண்டும் 13 வாரத்துக்குப் பணம் கட்டினார்.

அப்போது மேலாளரே கேட்டார்: "நிலையம் முழுவதையும் இப்படி மாற்றிவிடலாமா?" வேண்டாம் என்றேன். இரண்டு மணி நேரத்தைக் காதால் கேட்டுக் கேட்டு அடுக்க எனக்கு இரண்டு முழு நாள் ஆனது. 24 மணி நேரத்தையும் நிரப்ப வேண்டுமென்றால் அந்த வேலை கணினியிடம் போகும். அது தோடிக்குப் பிறகு எதையாவது வைக்கும். இதே வேலைக்குக் காது உள்ள இன்னும் இரண்டு பேரையும், புதன் இரவு ஒன்பது மணியையும் கேட்டேன். ஒருவரைத் தந்தார். புதன் இரவையும் தந்தார்.